வாழைக்கு அப்பா இல்லை, நமக்கு மட்டும் எதற்கு?

3 மார்ச் 2024, மாலை 6.10 (வாசகர் கேள்வி)
என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஆசிரியர் தாண்டிவிட்டாராம். வாழை பக்கக்கன்று விடுகிறது, முருங்கைப் போத்து நட்டால் மரமாகிறது, ரணகள்ளி இலையிலேயே குட்டி போடுகிறது. இதிலெல்லாம் ஆணே இல்லை, மனிதனுக்கு மட்டும் எதற்கு இத்தனை குழாயும் சுரப்பியும் என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்று: ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு இரத்தத்துக்குச் சமம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். சரியாகச் சாப்பிடாமல் முகம் வாடித் திரிகிறான். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

3 மார்ச் 2024, இரவு 9.50
இரண்டாவது கேள்விக்கு முதலில். பையன் பயந்திருக்கிறான் என்றால் வாழை காத்திருக்கட்டும்.

குழந்தையின்மைச் சிகிச்சை மையம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் விந்துப் பரிசோதனை செய்வது என் வேலை. அந்த நூறு சொட்டுக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை வெளியேறும் விந்து சராசரியாக மூன்று மி.லி. என்று வைத்துக்கொள்வோம். நூறால் பெருக்கினால் 300 மி.லி. இரத்தம். இரத்த தான முகாமில் ஒருவரிடம் எடுக்கும் பையே 350 மி.லி.தான். அதைக் கொடுத்த ஆணை அடுத்த மூன்று மாதம் மறுபடி கொடுக்க விடமாட்டார்கள். கணக்கு உண்மையானால் ஊரில் பாதி ஆண்கள் இரத்தசோகையில் படுத்திருக்க வேண்டும்.

விந்தில் விந்தணு என்பது அளவில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பங்குதான். மீதியெல்லாம் நீர்மம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளிலிருந்து வருகிறது. அதில் ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை இருக்கிறது, விந்தணுவுக்கு அதுதான் எரிபொருள். கால் பங்குக்குச் சற்று மேல் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து. கௌப்பர் சுரப்பிகள் தருவது சில துளி. உமிழ்நீர் சுரப்பதற்காக நாம் யாரும் வருத்தப்படுவதில்லை. இதுவும் சுரப்பிதான்.

தூக்கத்தில் தானாக வெளியேறுவது அந்த வயதில் இயல்பு. அதற்கு மருந்தும் இல்லை, லேகியமும் இல்லை. மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியரிடம் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தப் பயத்தால் வரும் சோர்வு, பசியின்மை, மனவாட்டம் ஆகியவற்றுக்கு 'தாது நோய்க்குறி' என்று மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் பெயரே வைத்துவிட்டார். இங்கே நோய் பயத்திலிருந்து வருகிறது, விந்து போனதால் அல்ல.

3 மார்ச் 2024, இரவு 10.25
எழுத விட்டுப்போனது. வளர்ந்த ஆணின் விரைகள் நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் விந்தணு உண்டாக்குகின்றன. இரவும் பகலும், அவன் தூங்கினாலும், துறவறம் பூண்டாலும். சேமித்து வைத்தால் கூடும் என்பதும் சரியில்லை. வெளியேறாதவை வயதாகி, செத்து, உடம்பாலேயே உறிஞ்சப்படுகின்றன. சில சிறுநீரோடு போய்விடுகின்றன. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது இதற்கு வார்த்தைக்கு வார்த்தை பொருந்தும். பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விலகியிருந்து வரச் சொல்வோம். ஒரு மாதம் "சேர்த்து" வைத்துக்கொண்டு பெருமையோடு வருகிறவரின் மாதிரியில் அளவு இருக்கும், நீந்துகிறவை குறைவாக இருக்கும்.

5 மார்ச் 2024, காலை 6.30
இப்போது குழாய்கள்.

விரை ஒன்று நான்கைந்து செ.மீ. நீளம். உள்ளே ஏறக்குறைய 250 அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒன்று முதல் மூன்று வரை நுண்குழல்கள் நூல் உருண்டையாகச் சுருண்டு கிடக்கும். விந்தணு உருவாவது அந்தக் குழல் சுவரில். வளரும் அணுக்களுக்கு ஊட்டம் தந்து தாங்கிப் பிடிப்பவை செர்டோலி செல்கள். குழல்களுக்கு இடையே இருக்கும் லீடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. மீசை, குரல், தோள் எல்லாம் அதன் கைவேலை.

விரையை விட்டு வெளியே வரும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. இது பலருக்குப் புதிய செய்தி. விரையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸ் ஒரே குழாய். பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் வரும். அதைக் கடக்க ஒன்றரை இரண்டு வாரம் ஆகிறது. நீந்தும் திறன் அங்கேதான் வருகிறது. பிறகு விந்து நாளம். அது நேராக வெளியே போகாமல் மேலே ஏறி, இடுப்புக்குள் நுழைந்து, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாயைச் சுற்றிக்கொண்டு, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இறங்கி, விந்துப்பையின் குழாயோடு சேர்ந்து, புரோஸ்டேட்டுக்குள் புகுந்து வருகிறது.

இவ்வளவு சுற்று எதற்கு? கருவில் விரைகள் உருவாவது வயிற்றில், சிறுநீரகத்தின் அருகே. பிறப்பதற்கு முன்புதான் கீழே இறங்குகின்றன. இறங்கும்போது நாளத்தையும் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் இழுத்துக்கொண்டே வருகின்றன. கிரிக்கெட் பந்து கீழே பட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்கிறார்களே, காரணம் இதுதான். நரம்பின் பழைய முகவரி மாறவில்லை.

5 மார்ச் 2024, மதியம் 1.15
"ஏன் வெளியே தொங்க வேண்டும், உள்ளேயே பத்திரமாக இருக்கலாமே" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். வெப்பம். விந்தணு சரியாக உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி செல்சியஸ் குறைவாக வேண்டும். குளிரில் விரைப்பை சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்வதும் வெயிலில் தளர்ந்து இறங்குவதும் அதற்காகவே. உள்ளே போகும் தமனியைச் சிரைகள் வலைபோல் சூழ்ந்திருக்கின்றன. திரும்பி வரும் குளிர்ந்த இரத்தம் உள்ளே போகும் சூடான இரத்தத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

உலை, அடுப்பு, கொதிகலன் முன் நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்கு எண்ணிக்கை குறையலாம். மடிக்கணினியை மடியில் வைப்பதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மேசையில் வையுங்கள், மேசை எதற்கு இருக்கிறது?

5 மார்ச் 2024, மதியம் 1.40
யானைக்கு விரைகள் உடம்புக்குள்ளேதான் இருக்கின்றன. பறவைகளுக்கும் அப்படியே, அவற்றின் உடல் வெப்பமோ நாற்பது டிகிரியைத் தொடும். ஆக, வெப்பக் காரணத்தை உயிரினம் எல்லாவற்றுக்கும் பொதுவிதியாக எழுதிவிட முடியாது. மனிதனுக்கு அப்படி, மாட்டுக்கு அப்படி. யானை ஏன் விதிவிலக்கு என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

9 மார்ச் 2024, இரவு 8.05
இன்று ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "இயல்பான வடிவம்: 5%" என்று இருந்தது. மீதி 95 சதவீதமும் ஊனமா என்று கேட்டார். மனைவி பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் தற்போதைய கையேட்டில் இயல்பான வடிவத்துக்கான கீழ் எல்லை 4 சதவீதம். அதாவது பிள்ளை பெற்ற, ஆரோக்கியமான ஆண்களிடமும் பெரும்பாலான விந்தணுக்கள் கோணல் தலையும் இரட்டை வாலும் மடிந்த கழுத்துமாகத்தான் இருக்கின்றன. மற்ற எல்லைகள்: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, அசைகிறவை 42 சதவீதம். இவை தேர்வின் தேர்ச்சி மதிப்பெண் அல்ல. எல்லைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் குழந்தை பிறக்கிறது; மேலே இருக்கிறவர்களுக்குப் பிறக்காமலும் போகிறது.

நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு: மாதிரி முதலில் கூழ்போல் கட்டியாக இருக்கும். அரை மணி நேரத்துக்குள் தானாக நீர்த்துவிடும். புரோஸ்டேட்டின் நொதிகள் செய்யும் வேலை. பிறகு ஒரு துளி, கண்ணாடித் தகடு. நல்ல மாதிரியில் புலம் முழுவதும் கொதிக்கும். ஒன்றைக் கண்ணால் பிடித்துத் தொடர முயன்றால் தப்பிவிடும். சில நேர்கோட்டில் பாயும், சில ஒரே இடத்தில் வட்டமடிக்கும், சில வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்து மேசைத் தோழி கடைசி வகைக்கு அரசு அலுவலகம் ஒன்றின் பெயரை வைத்திருக்கிறாள். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன்.

9 மார்ச் 2024, இரவு 8.50
படிக்கட்டில் உட்கார்ந்தவருக்கு இன்னொரு விஷயம் இருந்தது. அவருடைய எண்ணிக்கையும் குறைவு. சில மாதங்களுக்கு முன்பு டெங்கு வந்து கடுங்காய்ச்சலில் கிடந்திருக்கிறார். விந்தணு ஒன்று தொடக்கத்திலிருந்து முழு வடிவம் பெற ஏறக்குறைய 64 முதல் 74 நாள். அதோடு எபிடிடிமிஸ் பயணம். ஆக இன்று கோப்பையில் இருப்பது மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய வேலை. இன்றைய ரிப்போர்ட் அந்தக் காய்ச்சலின் ரிப்போர்ட். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னோம்.

இதனால்தான் "பத்தே நாளில் அணுக்களைப் பெருக்கும்" விளம்பரங்களை நம்பாதீர்கள் என்கிறேன். பத்து நாளில் எந்த விரையும் எதையும் புதிதாகத் தொடங்கி முடிக்காது.

14 மார்ச் 2024, இரவு 9.10
உடற்பயிற்சிக் கூடத்துத் தம்பிகளுக்கு. இந்த வாரம் வந்தவனுக்குப் பார்த்தாலே கண்படும் உடம்பு. மாதிரியில் ஒன்றுகூட இல்லை. சுழற்றி, அடியில் தங்கியதையும் பார்த்தாயிற்று, இல்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தானாம்.

ஆண்மை ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால் ஆண்மை கூடும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உடம்பின் கணக்கு வேறு. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி இரத்தத்தைப் பார்க்கிறது. ஹார்மோன் நிறைய ஓடுகிறது. சரி, விரைக்கு அனுப்பும் ஆணையை நிறுத்துவோம் என்று நிறுத்திவிடுகிறது. விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் செறிவு இரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு. அது வற்றிவிடும். உற்பத்தி நிற்கும், விரையும் சுருங்கும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்புகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். டாக்டரிடம் போங்கள், பயிற்சியாளரிடம் மருந்துச் சீட்டு கேட்காதீர்கள்.

15 மார்ச் 2024, காலை 7.00
ஒன்றுகூட இல்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு: முதலில், உருவாகவில்லையா, உருவாகியும் வழி அடைத்திருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். ஒரு பழைய சோதனை இன்னும் உதவுகிறது. ரிசார்சினால் என்ற வேதிப்பொருளும் அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் ஃபிரக்டோஸ் இருக்கிற மாதிரி செம்மஞ்சளாகும். நிறம் வரவே இல்லை, அளவும் குறைவு என்றால் விந்துப்பைகளின் பங்கு வந்து சேரவில்லை என்று பொருள். குழாய் அடைப்போ, பிறவியிலேயே விந்து நாளம் இல்லாமையோ இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு விரையில் உற்பத்தி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். ஊசியால் அங்கிருந்தே எடுத்துக் கருவாக்க முடியும். சோதனைக் குழாயில் நிறம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் எனக்கு இன்னும் பழகவில்லை.

கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. மனைவிக்கு ஸ்கேன், இரத்தச் சோதனை, சாயம் செலுத்தி எக்ஸ்ரே, எல்லாம் பல ஆண்டு நடந்திருக்கும். கணவர் முதன்முதலாகக் கோப்பையை வாங்குவது எங்கள் கூடத்தில்தான். ஒரு காலைப்பொழுதில் முடிகிற, வலியில்லாத, மலிவான சோதனை. அதையும் சில வீடுகளில் மாமியார் தடுக்கிறார்: "என் பிள்ளைக்கு என்ன குறை?"

17 மார்ச் 2024, மாலை 4.45
ஞாயிறு. வாழைக்கு வருகிறேன்.

மேலே வாழைத் தோட்டக்காரர் ஒருவர் "என் தோட்டத்தில் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, பிள்ளைகள்கூட அல்ல. அதே தாய்தான். நாம் சாப்பிடும் வாழை பெரும்பாலும் மும்மடியம். குரோமோசோம் தொகுதி மூன்று. இரண்டிரண்டாகப் பிரிக்கக் கணக்கு ஒத்துவராது, எனவே விதை பிடிக்காது. பழத்துக்குள் கரும்புள்ளியாகத் தெரிவது பிறக்காமல் போன விதை. காட்டு வாழையில் மிளகுபோல் கடினமான விதை நிறைய இருக்கும், சதை கொஞ்சம்தான். விதையில்லாததை எடுத்து மனிதன் பக்கக்கன்று பிரித்து நட்டான். பாட்டன் நட்ட ரஸ்தாளிக்கும் இன்று நீங்கள் நடும் ரஸ்தாளிக்கும், வழியில் தற்செயலாக வந்த சில பிறழ்வுகளைத் தவிர, வேறுபாடு கிடையாது.

வசதி பெரிது. ருசி மாறாது, குலை மாறாது. ஆபத்தும் அங்கேதான். ஒரு மரத்தைக் கொல்லும் நோய்க்கு மற்ற எல்லா மரத்தின் பூட்டுக்கும் சாவி கிடைத்துவிடுகிறது. கிரோ மிஷேல் என்ற ரகம்தான் ஒரு காலத்தில் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தை முழுவதும். மண்ணிலிருந்து வரும் ஃபியுசேரியம் பூஞ்சை, அதாவது பனாமா வாடல், மத்திய அமெரிக்கத் தோட்டங்களை அழித்துக்கொண்டே வந்தது. 1960களில் அந்த ரகத்தை விட்டுவிட்டுக் கேவண்டிஷுக்கு மாறினார்கள். இப்போது அதே பூஞ்சையின் டி.ஆர்.4 என்ற வகை கேவண்டிஷையும் தாக்குகிறது. நம் ரஸ்தாளிக்கும் வாடல் நோய் தீராத வியாதி. பழனி, சிறுமலைப் பக்கத்து விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் என்ன பாடு படுத்தியது என்று அங்கே உள்ளவர்களைக் கேளுங்கள். நோயுள்ள கன்றை நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். திசு வளர்ப்பில் நோயில்லாத கன்று கிடைக்கும். ஆனால் திசு வளர்ப்பும் நகல்தான். நோய் நீங்கிய நகல்.

பத்தாம் வகுப்புத் தம்பியின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. விரை நகல் எடுப்பதில்லை. நம் 23 ஜோடி குரோமோசோமில் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றை எடுத்து விந்தணு உருவாகிறது. எது எந்தப் பக்கம் போகிறது என்பது தற்செயல். இரண்டின் 23ஆம் அடுக்கு: 83,88,608 சேர்க்கைகள். அதற்கு முன்பே ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, அதையும் சேர்த்தால் எண்ணி முடியாது. ஒரு கோப்பைக்குள் கோடிக்கணக்கில் இருந்தும் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அத்தனை குழாயும் சுரப்பியும் இந்த வேறுபாட்டைச் செய்து, கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு.

17 மார்ச் 2024, மாலை 5.20
முடிக்கொத்து வைரஸைப் பரப்புவது வாழை அசுவினி. அந்தப் பூச்சியும் பெரும்பாலும் ஆணில்லாமலே குட்டி போடுகிறது. ஆணில்லாத பயிரை ஆணில்லாத பூச்சி அழிக்கிறது. நான் எழுதியதற்கு எதிர்வாதமாக இதை யாராவது கொண்டுவருவீர்கள் என்பதால் நானே போட்டுவிடுகிறேன். அசுவினிக்கு இப்படிப் பெருகுவது லாபம்: துணை தேட வேண்டாம், தீனி இருக்கிறபோது கிடுகிடுவென்று பெருகலாம். குளிர்நாட்டு அசுவினிகள் பல, குளிர்காலம் நெருங்கும்போது மட்டும் ஆணையும் உண்டாக்கி, சேர்ந்து, முட்டையிடுகின்றன. நிலைமை மாறப்போகிறது என்றால் வேறுபாடு தேவைப்படுகிறது.

18 மார்ச் 2024, இரவு 10.00
"பாம்பில்கூட ஆண் இல்லாத இனம் உண்டாமே, வாட்ஸ்அப்பில் வந்தது" என்கிறார் ஒருவர். வாட்ஸ்அப் அபூர்வமாக உண்மை சொன்ன நாள். பூந்தொட்டியைத் தூக்கினால் கீழே நெளியும் கறுத்த புழுப்பாம்பு, சில ஊர்களில் செவிப்பாம்பு என்பார்கள். மண்புழு என்று நினைத்து விட்டுவிடுவோம். உற்றுப் பார்த்தால் செதில் மின்னும், நாக்கு நீட்டும். விஷம் கிடையாது, காதில் புகும் என்பது கதை. அந்த இனத்தில் இதுவரை ஆணே கண்டறியப்படவில்லை. வாழையைப்போல அதுவும் மும்மடியம். ஒரே ஒரு பெண் தொட்டி மண்ணோடு கப்பல் ஏறினால் போதும், போய்ச் சேர்ந்த தீவில் குடும்பம் ஆரம்பம். இந்தியப் பகுதியிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் போய்விட்டது. விசா வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம்.

எதிர்ப்பக்கம் பனை. ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பாளை விடும் வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல், எது எது என்று தெரியாது. வளர்த்துப் பார்த்து ஆண் என்றால் நுங்கு கிடையாது. பதநீர் மட்டும் இறக்கலாம். ஆண்பனைகள் காய்த்ததாகச் செய்யாறு திருவோத்தூர்க் கோயிலுக்குத் தலபுராணமே இருக்கிறது. நட்டவரின் வயிற்றெரிச்சல் அவ்வளவு பழையது.

19 மார்ச் 2024, காலை 6.20
அப்படியானால் மனிதரிலும் ஆண் இல்லாமல் முடியுமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் ஆர்வம் தெரிகிறது.

பாலூட்டிகளில் இயற்கையாக முடியாது. சில மரபணுக்கள் தந்தையிடமிருந்து வந்தால் மட்டுமே வேலை செய்யும், சில தாயிடமிருந்து வந்தால் மட்டுமே. விந்தணு உருவாகும்போதும் முட்டை உருவாகும்போதும் அவற்றில் வேறுவேறு முத்திரை குத்தப்படுகிறது. இரண்டு தாயின் மரபுப்பொருளைச் சேர்த்தால் முத்திரை ஒரே பக்கத்தில் குவிந்து, கரு வளராமல் நின்றுவிடும். 2004இல் ஜப்பானில் டோமோஹிரோ கோனோ குழுவினர் மரபணுவைத் திருத்தி, தந்தையில்லாத எலியை உருவாக்கினார்கள். ககுயா என்று பெயர். நானூறுக்கு மேற்பட்ட முட்டைகளில் வேலை செய்து வளர்ந்து ஆளானது அந்த ஒன்றுதான். அதற்கும் ஒரு முட்டையின் முத்திரையை விந்தணுவைப்போல நடிக்கவைக்க வேண்டியிருந்தது.

தேனீயில் கதை தலைகீழ். கருவுறாத முட்டையிலிருந்து வருவது ஆண். அதற்கு அப்பா இல்லை, தாத்தா உண்டு. பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பிள்ளைகள் பாடத்தை மறக்கமாட்டார்கள்.

19 மார்ச் 2024, இரவு 9.30
இதைத் தனியாகப் போடுகிறேன், ஆண்பிள்ளை பெற்றவர்கள் கட்டாயம் படியுங்கள்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பையன் திடீரென்று ஒரு பக்க விரையில் கடுமையாக வலிக்கிறது, அல்லது அடிவயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். விரை தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போனால் விரை செத்துவிடும், எடுத்துவிட வேண்டியதுதான். பையன்கள் அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு "வயிற்றுவலி" என்கிறார்கள். வீட்டில் ஓமவாட்டர் கொடுத்துப் படுக்கவைக்கிறார்கள். வெட்கத்துக்கு விலை ஒரு விரை.

கைக்குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விரை பைக்குள் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதுக்குள் சரிசெய்துவிடுவது நல்லது. "தானாக இறங்கும்" என்று பள்ளியில் சேர்க்கும் வரை விட்டால், பின்னால் விந்தணு உற்பத்தி குறையும். புற்றுநோய் வாய்ப்பும் கூடும்.

24 மார்ச் 2024, மாலை 6.00
கிணற்றைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் தினமும் இறைக்கலாமா" என்று கேட்டு மூன்று சிரிப்புப் பொம்மை போட்டவருக்கு: தினமும் என்றால் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை குறைவாக இருக்கும், கெடுதல் ஒன்றும் இல்லை. குழந்தைக்கு முயல்கிறவர்கள் மாதத்தில் "அந்த ஒரு நாளை" மட்டும் குறித்துவைத்துக் காத்திருக்க வேண்டாம். ஓரிரு நாள் இடைவெளி போதும்.

24 மார்ச் 2024, மாலை 6.35
ஆண் கருத்தடை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விந்து நாளத்தை வெட்டிக் கட்டுவது, அவ்வளவுதான். தையல்கூட இல்லாத முறையைச் சீனாவில் லீ ஷுன்சியாங் 1974இல் கொண்டுவந்தார். மரப்பு ஊசி போட்டு, சிறு துளை வழியாக முடித்துவிட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விரை தன் வேலையைத் தொடரும், ஹார்மோன் இரத்தத்தில் போகும், மீசை கொட்டாது. விந்தின் அளவு குறைந்ததே தெரியாது. ஏன் என்று மேலே எழுதியதிலேயே இருக்கிறது: நூற்றில் இரண்டு முதல் ஐந்து பங்குதான் குறையும். ஒரு எச்சரிக்கை: மறுநாளே பலன் கிடையாது. குழாயின் மேல்பகுதியில் ஏற்கனவே இருப்பவை தீர மூன்று மாதம் வரை ஆகும். எங்களைப் போன்றவர்கள் பார்த்து "இல்லை" என்று எழுதிக் கொடுக்கும் வரை வேறு தடுப்பு வேண்டும்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியாவில் 15–49 வயதுள்ள மணமான பெண்களைக் கேட்டதில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம். ஆண் கருத்தடை 0.3. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்குத் தோலில் ஒரு துளை. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துப் பிடித்துச் செய்த கொடுமைதான் காரணம் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அது முடிந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்றைக்கு வருகிற முப்பது வயதுக்காரர் அப்போது பிறக்கவே இல்லை.

2 ஏப்ரல் 2024, இரவு 8.15 (வாசகர்)
மகன் எல்லாவற்றையும் படித்தான். சாப்பிடுகிறான். ஆனால் இப்போது புதிய கேள்வி: எங்கள் மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவர் "கிடேரிதான் பிறக்கும், அந்த ஊசி" என்றாராம். அது எப்படி?

2 ஏப்ரல் 2024, இரவு 9.40
எக்ஸ் குரோமோசோம் உள்ள விந்தணு கிடேரி, ஒய் உள்ளது காளை. மனிதரிலும் அப்படித்தான். முட்டையில் எப்போதும் எக்ஸ்தான். பெண்ணா ஆணா என்பதைத் தீர்மானிப்பது அப்பா தரும் அணு. பெண்ணாகப் பெற்றாள் என்று மருமகளைத் திட்டும் வீடுகளில் இதை உரக்கப் படியுங்கள்.

மாட்டில் எக்ஸ் விந்தணுவில் ஒய்யைவிட டி.என்.ஏ. ஏறக்குறைய நான்கு சதவீதம் அதிகம். ஒளிரும் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டால் எக்ஸ் சற்றுக் கூடுதலாக ஒளிரும். கருவி அதை ஒரு பக்கம் தள்ளிவிடும். அப்படிப் பிரித்து உறையவைத்த விந்துக் குச்சியைப் போட்டால் பத்துக்கு ஒன்பது கிடேரி பிறக்கும். பத்தாவது காளையாகலாம், அதற்காக ஊசி போட்டவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உறைவிந்துக் குச்சி கால் மி.லி.தான். சாதாரணக் குச்சியில் இரண்டு கோடி அணு இருக்கும், பிரித்ததில் அதைவிட மிகக் குறைவு. அதனால் பருவம் பார்த்து, சரியான நேரத்தில் போட வேண்டும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் குடுவையைத் திறக்கும்போது புகை வருகிறதே, தம்பி அடுத்த தடவை தள்ளி நின்று பார்க்கட்டும், கை வைக்க வேண்டாம்.

2 ஏப்ரல் 2024, இரவு 10.05
"மனிதருக்கும் இந்தக் கருவி இருக்கிறதா" என்று தனிச் செய்தியில் கேட்ட நபருக்கு இங்கேயே பதில். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் கருவுறுவதற்கு முன்பே பாலினம் தேர்ந்தெடுப்பதையும் இந்தியாவில் குற்றமாக்கியிருக்கின்றன. எங்கள் மையத்தின் வாசலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை மாட்டியிருக்கிறது. இந்தக் கேள்வியோடு யார் வந்தாலும் முதலில் அந்தப் பலகையைக் காட்டுவோம், பிறகு வாசலைக் காட்டுவோம்.